யார் சொல்லிக்கொடுத்தது

அன்று வெள்ளிக்கிழமை. ஸ்மிதா குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கவில்லை. வழக்கமாகக் குழந்தைகள் காப்பக வாசலுக்கு வருவதற்குள்ளேயே ஹர்ஷித் வழுக்கி இறங்கி, செருப்பை மூலைக்கொன்றாக உதறிவிட்டு உள்ளே ஓடிவிடுவான். அவளும் காதில் வைத்த போனை எடுக்காமலே பையைத் தரையில் வைத்துவிட்டு, வெளியே ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும் கம்பெனி வண்டியைப் பிடிக்க ஓடுவாள். அன்று அவள் கையில் போன் இல்லை. குழந்தையைப் பிடித்திருந்த பிடி கொஞ்சம் இறுக்கமாக இருந்ததை ஃபாத்திமா கவனித்தாள். காய்ச்சலோ என்று நெற்றியைத் தொடக் கை நீட்டினாள். ஸ்மிதா அரை அடி பின்னால் போனாள்.

"ஆன்ட்டி, நேத்து இவன் சாப்பிடறதுக்கு முன்னாடி ஏதோ சொன்னான். என் மாமனார் எதிர்ல."

"என்ன சொன்னான்மா?"

ஸ்மிதா தன் வாயால் சொல்ல விரும்பவில்லை. மகனின் கன்னத்தைத் திருப்பி, "ஹர்ஷு, மம்மம் சாப்பிடறதுக்கு முன்னாடி என்ன சொல்லணும்? ஆன்ட்டிகிட்ட சொல்லு" என்றாள். மூன்று வயதுப் பையன் வெட்கப்பட்டு அம்மாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்தான். பிறகு நிமிர்ந்து, எல்லாரும் தன்னையே பார்க்கிறார்கள் என்ற சந்தோஷத்தில், "பிச்சுமில்லா" என்றான். சொல்லிவிட்டுத் தானே கைதட்டினான்.

ஃபாத்திமாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அது உதட்டுக்கு வருவதற்குள் ஸ்மிதாவின் முகத்தைப் பார்த்துவிட்டாள். நகரத்தில் குண்டுகள் வெடித்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது. பூங்காவிலும் தின்பண்டக் கடையிலும் செத்தவர்களின் படங்கள் இன்னும் தினமும் பத்திரிகையில் வந்துகொண்டிருந்தன. அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் கார்களின் அடியில் கண்ணாடி நீட்டிப் பார்க்கும் காவலாளி புதிதாக வந்திருந்தான்.

"யார் சொல்லிக்கொடுத்தது?" என்று ஸ்மிதா கேட்டாள்.

அந்த நேரம் பார்த்து ஆயா ஜைபுன் கழுவிய பால்புட்டிகளோடு உள்ளிருந்து வந்தாள். அவளுக்குப் பின்னால், கதவுக்குப் பின்புறத்து ஆணியில், ரயிலில் அவள் போட்டுக்கொண்டு வரும் கறுப்பு புர்கா தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்மிதாவின் கண் ஜைபுனிடம் போய், அங்கிருந்து ஆணிக்குப் போய், அங்கேயே நின்றது. ஃபாத்திமா பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் ஸ்மிதா, "இன்னிக்கு நான் லீவு போட்டுக்கறேன்" என்று சொல்லித் திரும்பிவிட்டாள். ஹர்ஷித் அவள் தோள்மேலிருந்து, தான் ஏன் உள்ளே போகவில்லை என்று புரியாமல், கையை நீட்டி நீட்டி அழுதான்.

ஃபாத்திமாவின் ஊர் மேலப்பாளையம். கணவன் மைதீன் பிச்சைக்குத் தார்நாகாவில் ஒரு மத்திய அரசு ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியன் வேலை கிடைத்து, கல்யாணமான கையோடு ஹைதராபாத் வந்தவள். பிள்ளை இல்லை. குவார்ட்டர்ஸில் வேலைக்குப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தாள். அப்படி வந்த முதல் குழந்தை, தஞ்சாவூர்க்காரி நீலாவின் மகள். நீலா மென்பொருள் கம்பெனியில் மேனேஜராகி, கச்சிபௌலியில் இந்த அடுக்குமாடியில் வீடு வாங்கிக்கொண்டு வந்தபோது, கீழ்த்தளத்தில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்துக் கொடுத்து, "இங்க ஒரு கிரெச் போடுங்கக்கா, பில்டிங் முழுக்க வேலைக்குப் போற அம்மாங்க" என்றாள். அது 2004. பெயர்ப்பலகையில் தன் பெயரை வைக்கலாமா என்று ஃபாத்திமா கேட்டபோது, நீலா கொஞ்சம் யோசித்து, "பட்டர்கப்னு வைப்போம், குழந்தைங்களுக்குப் பிடிக்கும்" என்றாள். ஃபாத்திமாவுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. சேலை கட்டி, தமிழ் பேசி, நெற்றியில் ஒன்றும் இல்லாமல் இருக்கும் அவளைப் பல பெற்றோர்கள் கிறிஸ்தவப் பெண் என்றே நினைத்துக்கொண்டார்கள். ஃபாத்திமா மாதா கோவிலை நினைத்து வைத்த பெயரா என்று கேட்டவர்களும் உண்டு. அவள் இல்லை என்று சொன்னதில்லை. ஆமாம் என்றும் சொன்னதில்லை. உருது பேசத் தெரியாததால் டோலிசௌக்கிப் பக்கத்து முஸ்லிம் பெண்கள் அவளை மதராஸிக்காரி என்றார்கள். அதற்கும் அவள் பழகியிருந்தாள். மூன்று வருஷத்தில் இருபத்தாறு குழந்தைகள். காலை எட்டு மணிக்குத் திறந்தால், அமெரிக்காக்காரர்களோடு பேசி முடித்துவிட்டு வரும் கடைசித் தாய்க்காகச் சில நாள் இரவு எட்டு மணி வரை காத்திருக்க வேண்டும்.

அவள் ஆரம்பித்த இடத்தில் எல்லாமே அவள் கையால் ஆனது. சுவரில் வரைந்த யானைகூட. சமையலறையில் சைவம் மட்டும்தான். தொழுகைக்கு, குழந்தைகள் தூங்கும் நேரத்தில் சாமான் அறைக்குள் ஒரு பாயை விரிப்பாள், கதவைச் சாத்திக்கொண்டு. யாருக்கும் எதையும் அவள் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆனால் ஒரு கவளம் சோற்றை உருட்டிக் குழந்தையின் வாய்க்குக் கொண்டுபோகும்போது உதடு தானாக பிஸ்மில்லா என்று அசையும். குழாயைத் திறக்கும்போது, அடுப்பைப் பற்றவைக்கும்போது, படியில் கால் வைக்கும்போது அசைவதுபோலத்தான். அவளுடைய உம்மாவின் உதடும் அப்படித்தான் அசைந்தது. அதில் சத்தம் உண்டு என்பதே அந்த வெள்ளிக்கிழமைதான் ஃபாத்திமாவுக்குத் தெரிந்தது.

ஜைபுனுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அவள் தெலுங்கு சினிமாப் பாட்டைக் கத்திப் பாடித்தான் சோறூட்டுவாள். பழைய நகரத்து யாகுத்புராவிலிருந்து தினமும் எம்.எம்.டி.எஸ். புறநகர் ரயிலில் வருவாள். பத்தாவது படித்தவள், இருபத்தாறு வயது, கட்டியவன் துபாய்க்குப் போய் அங்கிருந்தே தலாக் சொன்னவன். அக்கா என்ற பொருளில் ஆபா என்று கூப்பிடும் ஃபாத்திமாவிடம்தான் தமிழ் கற்றாள். அதனால் அவள் பேசுவது மேலப்பாளையத்துத் தமிழ். "என்னத்த அழுவுதே, வா இஞ்ச" என்று அவள் ஒரு தெலுங்குக் குழந்தையைக் கூப்பிடுவதைக் கேட்டால் ஃபாத்திமாவுக்கு உம்மா வீட்டில் இருப்பதுபோல இருக்கும். டோலிசௌக்கியில் இரண்டாவது கிரெச் ஒன்று திறந்து அதை ஜைபுன் நடத்துவது என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். அங்கேயும் பெண்கள் கால் சென்டருக்குப் போக ஆரம்பித்திருந்தார்கள். ஜூலையில் ஒரு வீட்டைக்கூடப் பார்த்துவிட்டு வந்தார்கள். இரண்டு அறை, பின்னால் ஒரு கொய்யாமரம். தொட்டில் எத்தனை போடலாம் என்று ஜைபுன் காலடி வைத்து அளந்தாள். அளந்துவிட்டு, "ஒன்பது ஆபா, நெருக்கினா பத்து" என்றாள். மே மாதம் நடந்த முந்தைய குண்டுவெடிப்புக்குப் பிறகு அவள் தம்பியை விசாரணைக்கென்று கூட்டிப்போய், ஒன்பது நாள் கழித்து, வழக்கு ஒன்றும் இல்லை என்று விட்டார்கள். அந்த ஒன்பது நாளும் ஜைபுன் வேலைக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று ஃபாத்திமா ஒரே ஒருவரிடம்தான் சொன்னாள். நீலாவிடம்.

ஞாயிற்றுக்கிழமை காலை குடியிருப்போர் சங்க அறையில் கூட்டம் போட்டார்கள். உடற்பயிற்சி அறைக்குப் பக்கத்து அறை. தடுப்புக்கு அப்பால் யாரோ ஓடும் இயந்திரத்தில் ஓடிக்கொண்டிருந்த சத்தம் கூட்டம் முடியும்வரை கேட்டது. பத்தொன்பது பெற்றோர்கள் வந்திருந்தார்கள். செயலாளர் சக்ரபாணி பாதுகாப்புத் துறை நிறுவனம் ஒன்றில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர், மகன் வீட்டில் இருப்பவர். யாரிடமும் சத்தம் போட்டுப் பேசாத மனிதர். ஃபாத்திமாவுக்குத் தானே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

"அம்மா, உங்களைப் பத்தி யாருக்கும் ஒரு குறையும் இல்ல. மூணு வருஷமாப் பாக்கறோம். நீங்க நம்ம மனுஷி" என்று தமிழில் ஆரம்பித்து, மற்றவர்களுக்காக அதையே ஆங்கிலத்திலும் சொன்னார். நாலைந்து பேர் தலையாட்டினார்கள். "அந்த ஆயாவைப் பத்தித்தான் பேச்சு. அந்தப் பொண்ணோட தம்பியை மே மாசம் போலீஸ் கூட்டிண்டு போயிருக்கு. அது எங்களுக்கு இப்பத்தான் தெரியவந்தது. நீங்க சொல்லியிருக்கணும்."

ஃபாத்திமா நீலாவைப் பார்த்தாள். நீலா மடியிலிருந்த போனில் எதையோ படித்துக்கொண்டிருந்தாள். அவள் காது மடல் சிவந்திருந்தது.

"அவனை விட்டுட்டாங்க சார். வழக்கு ஒண்ணுமில்ல" என்றாள் ஃபாத்திமா.

"இருக்கலாம்மா. நான் தப்பா சொல்லல. ஆனா இவங்க எல்லாம் குழந்தைகளை விட்டுட்டுப் போறவங்க. மனசு கேக்கணுமில்ல." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஸ்மிதாவோட குழந்தைக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது அந்தப் பொண்ணுதானே?"

அறையில் எல்லாரும் அவளையே பார்த்தார்கள். அந்தப் பார்வைகளில் பகை இருந்ததென்று ஃபாத்திமாவால் பிறகும் சொல்ல முடியவில்லை. இந்தக் கேள்விக்கு ஆமாம் என்ற பதில் வந்துவிட்டால் நாளைக்கு ஆபீஸ் போய்விடலாமே என்ற தவிப்புத்தான் அதிகம் இருந்தது. அவர்கள் அவளுக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். இல்லை சார், அது நான்தான் என்று நாலு சொல் சொன்னால் போதும், அது மூடிவிடும். அந்த நாலு சொல்லுக்குப் பிறகு இவர்கள் முகம் எப்படி மாறும் என்று அவள் ஒரு கணம் பார்த்தாள். மூன்று வருஷமாகத் தன்னைப் பார்த்த கண்களெல்லாம் ஆணியில் தொங்கிய புர்காவைப் பார்த்த அந்தக் கண்ணாக மாறுவதைப் பார்த்தாள்.

"நான் பேசிக்கிடுதேன் சார்" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அது பொய் இல்லை என்று அன்று பகல் முழுக்கத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் அறையிலிருந்த அத்தனை பேரும் அதை ஆமாம் என்றுதான் எடுத்துக்கொண்டார்கள், அவர்கள் அப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் அவளும் சொன்னாள். நாற்காலிகள் நகர்ந்தன. யாரோ நிம்மதியாகச் சிரித்தார்கள். நீலா தயாராகத் தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்த ஒரு தாளைப் பையிலிருந்து எடுத்தாள். கிரெச் வளாகத்துக்குள் மதச் சொற்களோ சடங்குகளோ இருக்காது, சந்தேகத்துக்கு இடமான பின்னணி உள்ளவர்கள் பணியில் இருக்க மாட்டார்கள் என்று இரண்டு வரி. "ஒரு கையெழுத்துதானேக்கா. இதோட முடிஞ்சுரும்" என்று காதருகே சொன்னாள். ஃபாத்திமா நீலாவின் பேனாவாலேயே கையெழுத்துப் போட்டாள்.

திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்கு ஜைபுன் வந்து புர்காவைக் கழற்றி ஆணியில் மாட்டப் போனபோது, "மாட்டாத" என்றாள் ஃபாத்திமா. ஜைபுன் புர்காவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். என்ன சொல்ல வேண்டும் என்று ஃபாத்திமா இரவெல்லாம் யோசித்து வைத்திருந்தது ஒன்றும் வரவில்லை. சங்கத்துக்காரர்கள், தம்பி விஷயம், கொஞ்ச நாள் போகட்டும் என்று துண்டு துண்டாக வந்தது. ஜைபுன் கடைசிவரை கேட்டாள்.

"ஹர்ஷித்துக்கு நான் சொல்லிக்குடுத்தேன்னா சொல்லுதாங்க?"

"ஆமா."

"நீங்க என்ன சொன்னீங்க ஆபா?"

ஃபாத்திமா கழுவித் துடைத்திருந்த மேடையை மறுபடியும் துடைத்தாள். ஜைபுன் அந்தத் துணியைப் பார்த்தாள். பிறகு புர்காவைத் தலைவழியாக மாட்டினாள். இந்த மாதத்துச் சம்பளத்தை ஃபாத்திமா உறையில் போட்டு நீட்டியபோது, "நக்கோ ஆபா, வேணாம்" என்றாள். வாசலில் கிடந்த தன் செருப்பைக் காலால் தேடிப் போட்டுக்கொண்டு, வேலைக்கு ஆள் ஏற்ற வரும் கம்பெனி வண்டிகளுக்கு இடையே ஒதுங்கி ஒதுங்கிப் போனாள்.

செவ்வாய்க்கிழமை ஸ்மிதா ஹர்ஷித்தைக் கொண்டுவந்து விட்டாள். போனைக் காதில் வைத்தபடியே ஒரு கையால் ஃபாத்திமாவின் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். எல்லாம் பழையபடி ஆனது. ஃபாத்திமா உதட்டை மடித்துப் பல்லுக்கிடையே வைத்துக்கொண்டு சோறூட்டக் கற்றுக்கொண்டாள். முதல் இரண்டு நாள் கஷ்டமாக இருந்தது. மூன்றாம் நாள் அவளால் முடிந்துவிட்டது. முடிந்துவிட்டதே என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது. நாற்பது வருஷமாக மூச்சுபோல வந்த ஒன்றை மூன்று நாளில் நிறுத்த முடிகிறது. குழந்தைகள் யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை, ஒருத்தியைத் தவிர. செகந்திராபாத்துக்காரி யூனிஸின் மகள் அபிகாயில், ஒன்றரை வயது. அவள் முதல் கவளத்துக்கு வாயைத் திறக்கமாட்டாள். ஃபாத்திமாவின் உதட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சோறு விரலில் காய்ந்துபோகும். இவ்வளவு நாளும் அந்தச் சத்தத்தை வாய் திறப்பதற்கான சைகை என்று அந்தக் குழந்தை நினைத்திருக்கிறது. "ஆ காட்டு, ஆ காட்டு" என்று ஃபாத்திமா கெஞ்சுவாள். குழந்தை காத்திருக்கும். கடைசியில் மூக்கை மெல்லப் பிடித்துத்தான் ஊட்ட வேண்டியிருந்தது.

தன் சாப்பாட்டை அவள் உள்ளே சாப்பிடுவதை விட்டுவிட்டாள். அந்த வளாகத்துக்குள் சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாள். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, கார் நிறுத்தும் இடத்தைத் தாண்டி, காம்பவுண்டு கேட்டுக்கு வெளியே போய், நடைபாதைக் கல்லில் உட்கார்ந்து திறப்பாள். புதுக் காவலாளி ஒரு நாள், "கைக்கு அம்மா, எதுக்கு வெயில்ல?" என்று கேட்டான். "காத்து வருதுப்பா" என்றாள். காற்று ஒன்றும் வரவில்லை. எதிரே கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடிக் கட்டடத்திலிருந்து சிமென்ட் தூசிதான் வந்தது.

பிறகு ரம்ஜான் வந்தது, சாப்பாட்டுப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் தொழ நின்றால் பெரிய தொந்தரவாக இருந்தது. எந்தச் சொல்லில் ஓத ஆரம்பிக்க வேண்டுமோ அந்தச் சொல்லில் வந்து நின்றுவிடும். சிறுமியாக இருக்கும்போது ஓதுபள்ளியில் பாடம் மறந்து விழித்ததுபோல நின்றுகொண்டிருப்பாள். மைதீன் பிச்சை வெள்ளிக்கிழமைக்கு மட்டும் பள்ளிவாசல் போகிறவர், அதிகம் பேசாதவர். நோன்பு திறந்து, கஞ்சியைக் குடித்துக்கொண்டிருக்கும்போது ஒரு நாள் மாலை அவளாகவே எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்ப ஜைபுன் புள்ள சொல்லவே இல்லையா?"

"இல்ல. நான்தான்."

அவர் கஞ்சியைக் குடித்து முடித்தார். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தார். "அது இப்ப என்ன பண்ணுதாம்?" என்று கேட்டார். ஃபாத்திமாவுக்குத் தெரியவில்லை. ஒரு மாதமாக அவள் அதை யாரிடமும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாகுத்புராவுக்குப் போனாள். ரயில் நிலையத்திலிருந்து இரண்டு சந்து தாண்டி, மூன்றாவதில், வீட்டுக்கு முன்னால் துணி தொங்கவிட்ட கதவு. ஜைபுன் அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். நோன்பு நேரமாதலால் தண்ணீர்கூடக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை, அது இரண்டு பேருக்குமே நல்லதாகப் போயிற்று. அறையின் மூலையில் தம்பி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அவன் பகலில் வெளியே போவதில்லை என்று ஜைபுன் சொன்னாள். அவளுடைய மடியில் கல்யாண உடுப்பு ஒன்று இருந்தது. அதில் கண்ணாடிச் சில்லுகளை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். பேசும்போதும் ஊசி நிற்கவில்லை.

"ஜைபுன், அது நான் சொன்னது. அந்தப் பையன் என் வாயிலேருந்துதான் பிடிச்சுக்கிட்டான்."

"தெரியும் ஆபா."

"அன்னைக்கே தெரியுமா?"

"வெள்ளிக்கிழமையே தெரியும். நான் என்னத்த சொல்லி சோறூட்டுவேன்னு உங்களுக்குத் தெரியாதா? பாட்டுப் பாடுவேன்." ஊசியை வாயில் கடித்துக்கொண்டு நூலை அறுத்தாள். "திங்கக்கிழமை ஆபா போன் பண்ணுவாங்கன்னு நெனச்சேன். அப்புறம் செவ்வாக்கிழமை. அப்புறம் ரம்ஜான் பொறை பாத்த அன்னைக்கு. அன்னைக்கி நிச்சயம் வருவீங்கன்னு தம்பிகிட்ட சொன்னேன்."

ஃபாத்திமா அழ ஆரம்பித்தாள். ஜைபுன் அவளை அழவிட்டாள். கிட்டே வரவில்லை.

"மாதாப்பூர்ல ஒரு கிரெச்ல கேட்டேன். கொண்டாப்பூர்ல ஒண்ணுல கேட்டேன். ரெண்டு பேரும் உங்க சங்க ஆபீசுக்குப் போன் போட்டாங்க. அங்க என்ன சொன்னாங்களோ. இந்தப் பொண்ணு புள்ளைங்களுக்கு நமாஸ் சொல்லிக்குடுக்கும், வீட்டுல போலீஸ் கேஸ் இருக்கு. ஹவ், ஆமா, அப்பிடித்தான் எங்கிட்ட சொன்னாங்க." அவள் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "எனக்காக நீங்க அழவேண்டாம் ஆபா. எழுதிக் குடுங்க. நான் சொல்லிக்குடுக்கலன்னு ஒரு காயிதத்துல எழுதி, அவங்க கையில குடுங்க. எனக்கும் ஒண்ணு குடுங்க. அவ்வளவுதான்."

வீட்டுக்கு வந்து ஃபாத்திமா தமிழில் எழுதினாள். ஒரே பக்கம்தான், நான்கு முறை கிழித்து எழுதினாள். அதை மைதீன் பிச்சை ஆங்கிலத்தில் மாற்றி, தன் அழகான கையெழுத்தில் இரண்டு பிரதி எடுத்தார். "இதக் குடுத்தா கடை இருக்காது. தெரியும்லா?" என்றார்.

"தெரியும்."

அவர் மறுபடி ஒருமுறை படித்துப் பார்த்தார். ஒரு இடத்தில் விட்டுப்போன ஒரு எழுத்தைச் சேர்த்தார். பிறகு கையெழுத்துப் போடும் இடத்தை விரலால் காட்டினார்.

சக்ரபாணி அதைச் சங்க அறையில் நின்றபடியே படித்தார். இரண்டு முறை படித்தார். "ஏம்மா, அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"பயந்துட்டேன் சார்."

"இப்பப் பயமில்லையா?"

"இப்பவும் இருக்கு."

அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "நான் இதைக் கமிட்டியில வெக்காம இருக்க முடியாதும்மா" என்றார். அதைச் சொல்லும்போது அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். அவள் வாசலுக்கு வந்த பிறகு, "பெரிய தப்பு பண்ணிட்டேள்" என்றார். அன்று பேசாமல் இருந்ததைச் சொல்கிறாரா, இன்று பேசியதைச் சொல்கிறாரா என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் பதினோரு குழந்தைகள் வரவில்லை. வாரக் கடைசிக்குள் எட்டுப் பேர் மிஞ்சினார்கள். ஸ்மிதா ஹர்ஷித்தின் மாற்று உடுப்புப் பையை எடுத்துப்போகத் தன் மாமனாரை அனுப்பினாள். அவர் உள்ளே வராமல் வாசலிலேயே நின்று, பையை வாங்கி, அதற்குள் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்தார். நீலா ஒரு மாலை, ஆபீஸ் அட்டை கழுத்தில் தொங்க, நேராக அங்கே வந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா. உங்களுக்காக எத்தனை பேர்கிட்டப் பேசியிருக்கேன் தெரியுமா? எல்லாம் அடங்கிப்போச்சுன்னு இருந்தேன்."

"நீ எனக்காகத்தான் பேசின நீலா. அத நான் மறக்கமாட்டேன். அந்தப் புள்ளைக்காக யாரு பேசினா? நீயும் பேசல, நானும் பேசல." கொஞ்சம் நிறுத்தி, "அவ தம்பி விஷயத்த நான் உங்கிட்ட மட்டுந்தான் சொன்னேன்" என்றாள்.

நீலா சுவரிலிருந்த யானையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "ஸ்ரீனிவாஸ்கிட்ட சும்மாப் பேச்சுவாக்கில சொன்னேன்க்கா. அவர் கமிட்டியில சொல்லுவார்னு..." என்று தன் கணவனைப் பற்றி ஆரம்பித்து, முடிக்காமல் போய்விட்டாள். அதன்பிறகு லிஃப்ட் அருகே பார்த்தால் சிரித்தாள். வீட்டுக்கு வரவில்லை.

கடைசிவரை இருந்தது அபிகாயில்தான். "நாங்களும் ஜெபம் பண்ணிட்டுத்தான் சாப்பிடுவோம். இதுல என்ன இருக்கு?" என்று யூனிஸ் எல்லாரிடமும் சண்டை போட்டாள். நவம்பர் நடுவில் ஒரு நாள் அவளும் தலையைக் குனிந்துகொண்டு வந்தாள். மதம் மாற்றுகிறவர்கள் எல்லாரும் ஒரு கூட்டம் என்று லிஃப்டுக்குள் யாரோ அவள் காதுபட ஆங்கிலத்தில் பேசியிருக்கிறார்கள். "எங்க வீட்டுக்காரர் பயப்படறார்க்கா. நாங்களும் கொஞ்ச பேர்தான் இங்க. நாளையிலேருந்து அபிகாயில அனுப்பல" என்றாள். அன்று மதியம் இருபத்தாறு குழந்தைகளுக்கான கூடத்தில் ஃபாத்திமாவும் அபிகாயிலும் மட்டும் இருந்தார்கள். ஃபாத்திமா சோற்றை உருட்டி, கையை உயர்த்தி, காதில் விழும்படியாகவே சொன்னாள். குழந்தை பார்த்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் சொல்லி முடிப்பதற்கு முன்பே வாயைத் திறந்துவிட்டது. இந்த இரண்டு மாதத்தில் அது அந்தச் சத்தம் இல்லாமல் சாப்பிடப் பழகியிருந்தது.

ஜைபுனுக்கான பிரதியை அக்டோபரிலேயே கொண்டுபோய்த் தம்பி கையில் கொடுத்திருந்தாள். அன்று ஜைபுன் வீட்டில் இல்லை. அதன்பிறகு போன் ஒன்றும் வரவில்லை. அந்தத் தாள் எங்காவது பயன்பட்டதா என்பதும் தெரியவில்லை. டிசம்பர் முதல் வாரத்தில் கிரெச் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். குளிர்சாதனப் பெட்டியையும் மேசைகளையும் பக்கத்து வளாகத்தில் புதிதாகக் கிரெச் திறந்த பெண் எடுத்துக்கொண்டாள். மரத்தொட்டில்கள் ஒன்பது இருந்தன. அவற்றையும் கேட்டாள். ஃபாத்திமா கொடுக்கவில்லை.

"எங்க கொண்டு போற?" என்றார் மைதீன் பிச்சை.

"யாகுத்புராவுக்கு."

"அவ வாங்கிக்கிடுவாளா?"

"தெரியல."

ஒரு டிராலி ஆட்டோவில் ஏற்றி, ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். கச்சிபௌலியிலிருந்து பழைய நகரத்துக்குப் போய்ச் சேர இரண்டரை மணி நேரம் ஆயிற்று. போலீஸ்காரர்கள் ஐந்து இடத்தில் நிறுத்தினார்கள். ஒரு சோதனைச்சாவடியில் தொட்டில்களுக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தார்கள். மூன்றாவது சந்து வண்டி நுழையாத அளவுக்குக் குறுகலாக இருந்தது. ஓட்டுநர் சந்தின் முகப்பிலேயே ஒன்பது தொட்டில்களையும் இறக்கிச் சுவரோரம் வரிசையாக வைத்துவிட்டுப் போய்விட்டான். ஃபாத்திமா ஒரு சிறுமியைக் கூப்பிட்டு, ஜைபுனின் பெயரைச் சொல்லி, கதவைக் காட்டி அனுப்பினாள். சிறுமி ஓடிப்போய், திரும்பி வந்து, "சொல்லிட்டேன்" என்று உருதுவில் சொல்லிவிட்டு விளையாடப் போனாள்.

பிற்பகல் வெயில் சந்துக்குள் பாதிவரை விழுந்திருந்தது. அந்தக் கதவுக்கு முன்னால் தொங்கிய துணி ஒருமுறை அசைந்தது. காற்றாகவும் இருக்கலாம். ஃபாத்திமா சேலைத் தலைப்பை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு, கடைசித் தொட்டிலின் விளிம்பைப் பிடித்தபடி நின்றாள். சைக்கிள்களும் தள்ளுவண்டிகளும் தொட்டில்களை உரசிக்கொண்டு போயின. யாரோ ஒரு பெண்ணின் கையிலிருந்து நழுவி வந்த சின்னக் குழந்தை ஒன்று, மூக்கு ஒழுக, முதல் தொட்டிலுக்குள் எப்படியோ ஏறி, மரச்சட்டங்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, தெருவில் போகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்க்க ஆரம்பித்தது.